சாமி படம் போட்ட அட்டை

எங்கள் தோட்டத்துக்கு அட்டைப் பெட்டி சுமந்து வந்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேத்துப்பாறையில் எல்லாரும் தேவசேனாவின் தோட்டம், தேவசேனாவின் அவரைக்காய் என்றுதான் பேசுகிறார்கள்.

தினமும் காலை பஸ் ஏறிக் கொடைக்கானலுக்குப் போகிறேன். அங்கே ஒரு தங்கும் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிப்பு மாற்றும் வேலை. விடுதியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் அட்டைக்குப் பஞ்சம் வராது. பிஸ்கட் வந்த பெட்டி, சோப்பு வந்த பெட்டி, முட்டை அட்டை, குளியலறைக் காகிதம் தீர்ந்த பிறகு மிஞ்சும் உருளை. எல்லாவற்றையும் மடக்கிக் கட்டிச் சாயங்கால பஸ்ஸில் கொண்டுவருவேன். இறங்கும்போது டீக்கடைப் பாப்பம்மாள் கேட்பாள்.

"என்ன புவனா, இன்னிக்கு லாட்ஜையே பேத்துக்கிட்டு வந்துட்டியா?"

சிரித்துவிட்டு நடப்பேன். அது வாய்ச் சிரிப்பு. நான் சுமந்ததெல்லாம் என் ஓரகத்திக்கு. தேவசேனா என் கொழுந்தன் சிவமுருகனைக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழனியிலிருந்து வந்தவள். அவள் அப்பா அங்கே ஒரு பஞ்சாமிர்தக் கடையில் டப்பாக்களைப் பெட்டியில் அடுக்கிக் கட்டுகிற வேலையில் இருக்கிறார். அட்டையைத் தொட்டுப் பார்த்தே நல்லது கெட்டது சொல்கிற குடும்பம். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க சோலி பாக்குற எடத்துல அட்டைப்பொட்டி சும்மா கெடந்தா கொண்டாறீங்களா?"

நானும் பெரிய மனசு பண்ணி, அதுக்கென்ன என்றேன். எனக்கு நானே குழி வெட்டிக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் சரிவாக ஒரு துண்டு நிலம் இருந்தது. புல் மண்டிப்போய், மாமனார் ஞானவேல் வெட்டி வெட்டி அலுத்துக் கைவிட்ட இடம். தேவசேனா அதை வெட்டவே இல்லை. பெட்டியில் ஒட்டிய டேப்பை உரித்து, பின்னைப் பிடுங்கி, புல்லின் மேலேயே அட்டையைப் பாய் விரிப்பதுபோல் விரித்தாள். தண்ணீர் ஊற்றி நனைத்து, அதன் மேல் சாணிக் கரைசல், சருகு, மண் என்று போட்டாள். "நெலத்துக்கே படுக்கை போடுறியாத்தா" என்று மாமா சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இரண்டு மாதத்தில் அடியில் புல் வெளுத்துச் செத்து, அட்டை பொதபொதவென்று ஊறி, பார்த்த இடமெல்லாம் மண்புழு. அட்டையில் ஓட்டை போட்டு நட்ட அவரை வேலியில் ஏறிப் பக்கத்து வீட்டுக்கே காய்த்தது. மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டுக் காலையில் முதல் வேலையாக அந்தத் தோட்டத்தைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்.

அதோடு விட்டாளா? பழைய செய்தித்தாளைச் சுருட்டி நாற்றுக் கிண்ணம் செய்தாள். காகித உருளையில் பீன்ஸ் விதை, முட்டை அட்டையில் தக்காளி விதை. வருஷக்கணக்கில் பீரோ மேல் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில் செடியின் பெயரை எழுதிச் சொருகினாள். சமையலறையில் காய்த்தோல் போடும் வாளியில் கிழித்த பேப்பரைப் போட்டு வைத்தாள், நாற்றம் நின்றுபோனது. பத்து வருஷமாக அந்த வாளியை மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டியவள் நான். இதில் நான் சுமந்து வருகிற பெட்டிகளில் பாதியை, "இது வழுவழு அட்டைக்கா, மக்காது" என்று கழித்துப் போடுகிற நாட்டாமை வேறு.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். தோட்டத்தை எடுத்துக்கொள்ளட்டும், சமையலறையை எடுத்துக்கொள்ளட்டும். அவள் என் மகளை எடுத்துக்கொண்டாள்.

தமிழ்மதிக்குப் பதினோரு வயது. ஆறாம் வகுப்பு. ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு அவள் வரும்போது நான் கொடைக்கானலில் யாரோ சுருட்டிப் போட்ட துண்டை உதறிக்கொண்டிருப்பேன். நான் வீட்டுக்கு வரும்போது அவள் கையெல்லாம் மண்ணாகத் தோட்டத்தில் இருப்பாள். பழைய நோட்டுகளில் மிஞ்சிய தாள்களைத் தைத்துச் சித்தப்பா பெண்டாட்டி அவளுக்கு ஒரு கணக்கு நோட்டு செய்து கொடுத்திருந்தாள். நான் கடையில் வாங்கிக் கொடுத்த மயில் அட்டை நோட்டு அப்படியே புதுசாகக் கிடந்தது. பரீட்சை மார்க் வந்தால் முதலில் அவளிடம் காட்டுவாள். என்னிடம் கையெழுத்துக்கு மட்டும்தான் வரும்.

தமிழ்மதி அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டாள். முறை அதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்டால் எந்தப் பெயரும் தேய்ந்துபோகும். சின்னம்மா என்பது 'ன்னம்மா' ஆகி, 'ம்மா' ஆகி, போன கார்த்திகையில் ஒரு நாள் கொல்லைப்புறத்திலிருந்து, "அம்மா, இங்க வாங்களேன்" என்று கேட்டது. சோற்றை வடித்துக்கொண்டிருந்த நான் அப்படியே போட்டுவிட்டு, "என்னடி கண்ணு" என்று ஓடினேன்.

"உன்னைய இல்லம்மா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். கையில் ஒரு மண்புழுவை வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் யாரையோ தேடினாள்.

அன்றைக்கு என் வயிற்றில் பிடித்த தீ அணையவே இல்லை. வேனோட்டும் என் வீட்டுக்காரர் ஜெயமுருகனிடம் சொன்னேன். "புள்ள நல்லா இருக்கா, படிக்கிறா, உனக்கென்ன கேடு" என்றார். அவரிடம் சொன்னதே தப்பு.

முதலில் அட்டை கொண்டுவருவதை நிறுத்தினேன். "புது மேனேஜர் வந்திருக்காரு தேவசேனா, எல்லாத்தையும் பழைய பேப்பர்க்காரனுக்கு எடைக்குப் போடுறாரு. மீசை வெச்ச ஆளு, ஒரு மாதிரி" என்றேன். பொய் சொல்லும்போது அதோடு ஒரு சின்னச் சங்கதியைச் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். மீசையைக் கேட்டபின் யாரும் மேனேஜரைச் சந்தேகிக்க மாட்டார்கள். தேவசேனாவும் சந்தேகிக்கவில்லை. "பரவால்லக்கா, நீங்க இவ்வளவு நாளு சொமந்ததே பெரிசு" என்றாள். அதுவும் எரிந்தது.

தைப்பொங்கலுக்கு மறுநாள் அவள் அப்பா பழனியிலிருந்து வந்தார். பொங்கல் சீரை நான்கு பஞ்சாமிர்தப் பெட்டிகளில் கட்டிக்கொண்டு வந்தார். தடித்த, பழுப்பு நிறப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் தண்டத்தோடு பழனியாண்டவர் நிற்கிற படம். தேவசேனாவுக்குச் சீரைவிடப் பெட்டிதான் சந்தோஷம்.

இந்த மாதிரிப் பெட்டி எந்த வீட்டுக்கு வந்தாலும் ஒரு சங்கடம். குப்பையில் போட முடியாது, அடுப்பில் வைக்க முடியாது, காலடியில் படக் கூடாது. கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான், மேலே பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். எல்லா வீட்டிலும் அவை பீரோ மேல்தான் போய்ச் சேரும். தேவசேனாவுக்கு அதற்கும் ஒரு வழி இருந்தது. சாமி படத்தை மட்டும் கத்தரித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். பழனிக்குப் போகும்போது சண்முக நதியில் விட்டுவிடுவாள். மிச்ச அட்டை மண்ணுக்கு. கத்தரிக்கிற வேலை தமிழ்மதிக்கு. இரண்டு பேரும் நடுவீட்டில் உட்கார்ந்து கத்தரிப்பதை நான் ஒரு சாயங்காலம் பார்த்துக்கொண்டு நின்றேன். சாமியின் தண்டம் வெட்டுப்படாமல் கத்தரியைத் திருப்புவது எப்படி என்று மகளின் கையைப் பிடித்துக் காட்டினாள். என் மகளின் கை. என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

மீதி இரண்டு பெட்டியைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, நாளைக்கு வெட்டலாம் என்று வைத்துவிட்டு எழுந்தார்கள். அதில் சாமி படம் இருந்த ஒரு பக்கத்தை நான் எடுத்து என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. வெள்ளனே எழுந்தேன். மூடுபனியில் வேலிகூடத் தெரியவில்லை. முந்தின நாள் அவர்கள் புதிதாகப் போட்ட பாத்தி, கொல்லை வாசல்படியிலிருந்து இறங்குகிற இடத்தில் இருந்தது. ஓரத்தில் மண்ணையும் சருகையும் விலக்கி, ஆண்டவர் படம் போட்ட அந்த அட்டையைச் செருகி மூடினேன். காலில் மிதிபடாத ஓரமாகப் பார்த்துத்தான் வைத்தேன். சாமியிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

மாமா வருஷம் தவறாமல் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர். கழுத்தில் உருத்திராட்சம், நெற்றியில் எப்போதும் விபூதி. அவருக்கு இட்லி வைத்தபடியே கேட்டேன்.

"மாமா, தேவசேனா அப்பா கொண்டாந்த பொட்டியில சாமி படம் இருந்துச்சே. அதையெல்லாம் மண்ணுல பொதைக்கலாமா? சாணியெல்லாம் ஊத்துறாக. எனக்குத் தெரியல, அதான் கேக்குறேன்."

மாமா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

தேவசேனாவுக்குப் பதற்றமே இல்லை. "சாமிய கத்தரிச்சுப் பத்திரமா வெச்சிருக்கேன் மாமா, வந்து பாருங்க" என்று அவளே பாத்தியைக் கிளறினாள். முதல் அட்டையில் ஜன்னல் மாதிரி ஓட்டை. இரண்டாவதிலும் ஓட்டை. மூன்றாவதிலும். மாமாவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. ஓரத்துக்கு வந்தாள். மண்ணைத் தள்ளினாள். சாணி வழிய, பாதத்தின் மேல் ஒரு மண்புழு நெளிய, முழு ஆண்டவர்.

மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தேவசேனா அந்த அட்டையை எடுத்து முந்தானையால் துடைத்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த பயம் வந்திருந்தது. நான் அதை நன்றாகப் பார்த்தேன்.

"என் தப்புத்தான் மாமா" என்று அவள் ஆரம்பிப்பதற்குள், படியில் நின்ற தமிழ்மதி இறங்கி வந்தாள்.

"சின்னம்மா இல்ல தாத்தா. நாந்தான். இத வெட்டச் சொல்லி எங்கிட்டதான் குடுத்தாங்க. மறந்து அப்படியே போட்டுட்டேன்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். அடிக்கிற மனுஷர் இல்லை அவர். "அடுத்த பங்குனி உத்திரம் வரைக்கும் இந்தப் புள்ள தோட்டத்துல கால் வெக்கக் கூடாது" என்றார். "அட்டை ஒண்ணுகூட இனிமே அங்க கெடக்கக் கூடாது. எல்லாத்தையும் பிடுங்கிரு தேவசேனா." அவ்வளவுதான். உள்ளே போய்ச் சாமி முன்னால் உட்கார்ந்துவிட்டார். இட்லி ஆறிப்போனது.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. என் மகள் பொய் சொன்னாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சின்னம்மாவைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள், தாத்தா முன்னால் தலை குனிகிறாள். எனக்காக ஒரு நாளாவது இப்படி வந்து நின்றிருக்கிறாளா? மத்தியானம் அவளைத் தனியே பிடித்தேன்.

"அவளுக்காக எதுக்குடி பழிய ஏத்துக்கிட்ட? அவ மேல அம்புட்டுப் பாசமா?"

தமிழ்மதி என்னைப் பார்க்கவில்லை. நகத்திலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்காக இல்லம்மா. காலைல ஒண்ணுக்குப் போக எந்திரிச்சேன். ஜன்னல் வழியா பாத்தேன்."

நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.

"யாரு வெச்சாங்கன்னு தாத்தா கேட்டுக்கிட்டே இருப்பாரு. நீ மாட்டிக்கிருவ. அதான்."

"சின்னம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

"தெரியாது. சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத."

இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு என்னைக் காறித் துப்பினாலும் துப்புங்கள். எனக்கு வயிறு குளிர்ந்துபோனது. என் மகள் எனக்காக நின்றிருக்கிறாள். தேவசேனாவுக்குத் தெரியாத ஒன்று எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது. திங்கட்கிழமை விடுதியில் மற்றவர்களோடு சிரித்துப் பேசி வேலை பார்த்தேன். மேனேஜர் என்ன விசேஷம் என்று கேட்டார். அவருக்கு மீசையே கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தமிழ்மதி சமையலறையில், என் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். மயில் அட்டை நோட்டில் எழுதினாள். பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன். கொல்லையில் தேவசேனா குனிந்து ஈர அட்டைகளைப் பிய்த்துக் குவித்துக்கொண்டிருந்தாள். அட்டையோடு அவரை வேரும் சேர்ந்து வந்தது. பார்த்துக்கொண்டேதான் பஜ்ஜியைத் திருப்பிப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே போயிருக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தேவசேனா சமையலறைக்குள் வந்தாள். கையைக் கழுவிவிட்டுத் தமிழ்மதிக்கு எதிரே உட்கார்ந்தாள். கோபமெல்லாம் இல்லை.

"மதி, ஒண்ணு கேக்குறேன், வைய மாட்டேன். கடைசி ரெண்டு பொட்டிய உங்கிட்ட குடுத்துட்டுத்தானே நான் கடைக்குப் போனேன். நாலு பொட்டிக்கு எட்டுப் படம். டப்பாவுல ஏழுதான் இருக்கு. அப்பவே நான் பாத்திருக்கணும். நீ எப்படிம்மா மறந்த?"

தமிழ்மதி தலை நிமிர்ந்தாள். கண் இமைக்கவில்லை.

"அன்னிக்கு வெட்டிக்கிட்டே இருந்தேனா, கடைசி அட்டை வர்றப்போ கரண்டு போயிருச்சு சின்னம்மா. மெழுகுவத்தி தேடப் போனேன். வந்து பாத்தா எது வெட்டுனது, எது வெட்டாததுன்னு தெரியல. தாத்தா வேற இருமிக்கிட்டே இருந்தாரு."

கரண்டு போகவே இல்லை. தாத்தா இருமவும் இல்லை. பொய், அதன் மேல் ஒரு சின்னச் சங்கதி. அந்த இருமல் அச்சாக என் வேலை. நான் இதை யாருக்கும் கற்றுக் கொடுத்ததில்லை. தேவசேனா இரண்டு வருஷமாக அவளுக்கு விதை போடவும் கத்தரி பிடிக்கவும் கற்றுக் கொடுத்தாள். நான் ஒரு நாளில் இதைக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

"சரி விடு" என்று தேவசேனா அவள் தலையைத் தடவிவிட்டு மறுபடி கொல்லைக்கு இறங்கினாள். நம்பிவிட்டாள். தமிழ்மதி ஒரு நொடி என்னைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை. என்னைப் போலவே ஒரு பிள்ளை வேண்டும் என்றுதானே வயிறெரிந்தேன். இதோ, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அடுப்பை அணைத்தேன். நடுவீட்டில் மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த அட்டைய வெச்சது நான்."

அவர் பேப்பரைத் தாழ்த்தினார். காது கேட்கவில்லை என்று நினைத்து மறுபடியும் சொன்னேன். "ஞாயித்துக்கெழம வெள்ளனே போயி நாந்தான் வெச்சேன். புள்ள எனக்காகப் பொய் சொல்லுச்சு."

"எதுக்கு?"

மேனேஜர், மீசை என்று எதையாவது சேர்க்க வாய் துறுதுறுத்தது. சேர்க்கவில்லை.

"எம்புள்ள எங்கிட்ட இல்ல மாமா. அவகிட்ட போயிருச்சு. தாங்க முடியல."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். வைவார் என்று நின்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சாமிய இழுத்திருக்க வேணாம்" என்றார். பிறகு, "இந்த உத்திரத்துக்கு எங்கூட நடந்து வா. அந்தப் படத்தை நீயே எடுத்துட்டு வந்து நதியில விடு. புள்ளைக்கு நான் சொன்னது ஒண்ணும் கெடையாது. அவ போகட்டும், அட்டையும் கெடக்கட்டும்" என்றார்.

திரும்பினேன். சமையலறை வாசலில் தமிழ்மதி நின்றிருந்தாள், எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவளைப் பார்த்து நான் கையை நீட்டியிருப்பேன் போலிருக்கிறது, சரியாக நினைவில்லை. அவள் வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னவளுக்கு அதுகூடக் கிடைக்காதா என்று நினைத்தேன்.

அவள் திரும்பிக் கொல்லைக்கு ஓடினாள். "சின்னம்மா, இனிமே பிடுங்காதீங்க, தாத்தா போகலாம்னுட்டாரு" என்று கத்திக்கொண்டே ஓடினாள். நான் கொல்லை வாசல்படிக்குப் போனேன். குவித்து வைத்த ஈர அட்டைகளை இரண்டு பேரும் அவசர அவசரமாகத் திரும்பப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். என் மகள் வேகவேகமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அது என்னைப் பற்றித்தான், ஏனென்றால் தேவசேனா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வெறுப்பாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் நகர்ந்து தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டாள்.

வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.